மூன்றரை மணி நேரம் பின்னால்

கடலூர் முதுநகர் காவல் நிலையம்.
பாரா என்னுடையது, பத்து முதல் ஆறு.
ஐஸ்பெட்டி லாரி துறைமுகத்துக்குப் போகிறது
தார்ச்சாலையில் ஈரக்கோடு ஒன்றை விட்டுவிட்டு.
வெள்ளி இரவென்றால்
தொப்பிக்குள் கைபேசி, கைபேசிக்குள்
மால்ட்டே ஹோல்ட்காம்ப்.
ஜெர்மனியின் ஏதோ ஓர் ஊரில் நனைந்துகொண்டு
பந்தை இடப்பக்கம் தள்ளுவான்.

அவ்வளவுதான் அவன் வேலை.
வாங்குவான், திரும்புவான், தள்ளுவான்.
வர்ணனையாளர் வாயில் அவன் பெயர் விழுந்தால்
மஞ்சள் அட்டை என்று அர்த்தம்.

அவனை எனக்குக் காட்டியது முழங்கால்.
எட்டு வருடம் முன்பு அண்ணா விளையாட்டரங்கில்,
விழுப்புரத்துக்கு எதிராக,
யாரும் தொடாமலே விழுந்தேன்.
உள்ளே முருங்கைக்காய் ஒடிந்த சத்தம்.
ஜிப்மரில் வெட்டித் தைத்து அனுப்பினார்கள்.
பயிற்சி தேடித் தடவிய திரையில்
அதே இடது முழங்கால், அதே ஆவணி,
மஞ்சள் ரப்பர் பட்டையை இழுத்தபடி
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.
பட்டைக்கு நான் எங்கே போக?
மஞ்சக்குப்பம் பஞ்சர் கடையில்
பழைய சைக்கிள் டியூப் இருபது ரூபாய்.
அவன் பத்து என்றால் நானும் பத்து.

கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை
அவன் ஊர் என் ஊருக்குப் பின்னால் வரும்.
எனக்கு இருட்டி வெகுநேரம் ஆன பிறகும்
அவன் நிழல் புல்லில் நீளமாகக் கிடக்கும்.

நிலக்கரி ஊரிலிருந்து துறைமுக ஊருக்கு
அவனை விற்றார்கள்.
'தொகை வெளியிடப்படவில்லை.'
துறைமுக ஊரிலிருந்து நிலக்கரி ஊருக்கு
என்னை மாற்றினார்கள், பிறகு திரும்ப இங்கேயே.
நெய்வேலி போக பஸ் சார்ஜ் நான்தான் கொடுத்தேன்.

நான் பார்த்த காலத்தில் அவன் போட்டது மூன்று கோல்.
அதில் ஒன்றைப் புயல் தின்றது.
கரண்ட் இல்லை, பேட்டரி நான்கு சதவீதம்,
அவன் காலை ஓங்கினான்,
திரை கறுத்தது,
வெளியே ஒரு புங்கமரம் சாய்ந்தது.

ஆளில்லா அரங்குகளில் ஆடிய வருடம்
எல்லாச் சத்தமும் கேட்டது.
"ஹின்டர்மான்!" என்று அவன் கத்துவான்.
பின்னால ஆளு.
தேவனாம்பட்டினம் மணலில் ஒரு காலை
என் வாயில் அவன் சொல்தான் வந்தது.
பள்ளிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
இப்போது அவர்களும் அப்படித்தான் கத்துகிறார்கள்,
சில்வர் பீச்சுக்கு வந்த ஜோடிகள் திரும்பிப் பார்க்க.

இன்று வெள்ளி. ஆட்டம் இல்லை.
மூன்று வரிச் செய்தி, ஒரு படம்.
பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்தை
யாருக்காவது தள்ளிவிடப் பார்ப்பவன்போல் பிடித்திருக்கிறான்.
முந்நூற்றுப் பதினோரு ஆட்டங்கள், ஒன்பது கோல்கள்.
கைபேசி தமிழாக்கித் தந்தது:
'நீண்டகால நடுவயல் மனிதர் விடைபெறுகிறார்.'

நடுவயல்.
சிரிக்கத்தான் தொடங்கினேன்.
பிறகு பார்த்தேன், இரண்டு வரப்புக்கும் எட்டாமல்
கணுக்கால் சேற்றில் நிற்கிறான்,
நாற்றுமுடியை வாங்குகிறான், திரும்புகிறான், வீசுகிறான்.
நட்டு முடிந்த வயலில்
முடி வீசிய கை எதுவென்று
எந்தப் பயிரைக் கேட்பது?

இனி மாமனாரின் டயர் கடையைப் பார்த்துக்கொள்வானாம்.
டியூபும் இருக்குமோ என்னவோ.

பாராப் புத்தகம் திறந்தேன்.
மணி இரண்டு. லாக்கப்பில் ஆள் இல்லை.
துப்பாக்கிகள் எண்ணிக்கை சரி.
குறிப்பிடும்படி ஏதும் இல்லை
என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.
உப்பனாற்று வாடை வந்து போனது.

ஆறு மணிக்குக் குணவதி வந்தாள்.
"மூஞ்சி ஏன்டி இப்படி இருக்கு?"
"ஆறாம் நம்பர் இறங்கிட்டான்" என்றேன்.
"எந்த பஸ்லேர்ந்து?" என்றாள்
சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டே.